காதுக்குள் ஓர் இறைப்பு இயந்திரம்

சென்ற ஆண்டு மாசி மாதத்தில் ஓரிரவு. மணி ஒன்று கடந்திருக்கும். நீர்வேலியின் செம்மண்ணிலே வாழையும் வெங்காயமும் செய்கின்ற அயலவர் நடுவே குடியிருப்பவர் நாம். ஆதலால் இறைப்பு இயந்திரத்தின் ஓசை எமக்குப் புதியதன்று. துலா மிதிப்போரின் பாட்டொலி கேட்டு உறங்கினர் எம் மூதாதையர், மெசின் ஒலி கேட்டு உறங்குகின்றோம் நாம், வேறுபாடு அவ்வளவே. ஆயினும் அன்றிரவு எம்மை எழுப்பிய ஓசை சற்றே விசித்திரமாக இருந்தது. தொலைவிலே, வடலிகளுக்கு அப்பால், எவரோ எண்ணெய் குறைந்த மெசினை நிறுத்த மறந்து போய்விட, குழாய் வாயிலே நீர் விட்டு விட்டுப் பீறிடுவது போல, "உஸ்... உஸ்... உஸ்..." என்று ஒரே சீராக அது கேட்டது.

"இந்த நேரத்தில ஆர் இறைக்கினம்?" என்று இல்லாளை எழுப்பி வினவினோம்.

அவர் எழுந்திருந்து சிறிது நேரம் செவி கொடுத்துக் கேட்டார். "இஞ்சாருங்கோ, ஒரு மெசினும் ஓடேல்லை. சும்மா படுங்கோ" என்று கூறி மறுபுறம் திரும்பிக்கொண்டார்.

மறுநாளிரவும் அவ்வோசை வந்தது. அதற்கு அடுத்த நாளும் வந்தது. வலது காது தலையணையிலே அழுந்தினால் அது வலுத்தது. எழுந்து உட்கார்ந்தால் சற்றுத் தணிந்தது. பகலிலே ஊர்ச் சந்தடியில் அது மறைந்துவிடும். விளக்கணைத்து வீடு அடங்கியதும் விருந்தாளி போலத் தவறாமல் வந்து சேரும்.

இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். இக்குடாநாட்டிலே வாழ்ந்த எம் தலைமுறையினர்க்கு இரவில் செவி கூர்தல் என்பது வருந்திக் கற்ற ஒரு வித்தை. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் அனைவரும் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தார்களே, அதற்கு முந்திய ஆண்டுகளில் எறிகணை எத்திசையிலிருந்து புறப்பட்டது, வானூர்தி பலாலிப் பக்கமா, கடற்பக்கமா என்பதையெல்லாம் இருளிலே காதால் அளந்தவர்கள் நாம். வெளியிலிருந்து வரும் ஓசைக்குப் பதுங்குகுழி ஒன்று இருந்தது. இப்போது கேட்கும் இவ்வோசை வெளியிலிருந்து வருவதன்று என்று நான்காம் நாளிரவு தெரிந்தபோது, எங்கே பதுங்குவது என்று அறியாது திகைத்தோம்.

தெரிந்த விதம் இது. உறக்கம் வராது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கிடந்தோம். விரலுக்குக் கீழே நாடி அடித்தது. காதுக்குள்ளே "உஸ்" என்றது. மீண்டும் அடித்தது, மீண்டும் "உஸ்" என்றது. இரண்டும் இம்மியும் பிசகாமல் ஒன்றாகவே நடந்தன. நம்பிக்கை வராமற் கிணற்றடிக்குச் சென்று பத்து வாளி நீர் அள்ளி வாழைக்கு ஊற்றினோம். மூச்சு வாங்கிற்று. காதிலுள்ள மெசினும் விரைந்து ஓடலாயிற்று. திண்ணையில் அமர்ந்து இளைப்பாறினோம். அதுவும் மெல்ல இளைப்பாறிற்று. நள்ளிரவிலே வாழைக்கு நீர் ஊற்றும் கணவரைக் கண்டு எம் இல்லாள் என்ன எண்ணினாரோ, அதை இன்று வரை அவர் சொல்லவில்லை.

இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை அடிக்கின்றது என்று பாடசாலையிலே பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை கற்பித்திருக்கின்றோம். அந்த ஓர் இலட்சத்தையும் இருந்து கேட்க நேரும் என்று அப்போது எண்ணினோமில்லை.

அதன் பின்பு இரண்டு மாதம் நாம் செய்தது யாதென்று கேட்பீர்களாயின், வெட்கத்தோடு சொல்லுகின்றோம்: ஒன்றுமே செய்யவில்லை. கவலைப்பட்டோம், அதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. எம்மோடு கற்பித்த நண்பர் ஒருவர் பாரிசவாதத்தால் வீழ்ந்தது நினைவுக்கு வந்தது. தலைக்குள்ளே ஏதோ ஒரு குழாய் வெடிக்கக் காத்திருக்கின்றது என்றே முடிவு கட்டிக்கொண்டோம். கைத்தொலைபேசியை எடுத்துத் தேடியபோது கால்மணி நேரத்தில் பத்து வியாதிகள் கிடைத்தன, பத்தும் எமக்கிருந்தன. ரொறன்ரோவிலிருக்கும் பெறாமகன் தொலைபேசியில், "பெரியப்பா, முழுத்தலையையும் ஸ்கான் எடுத்துப் போடுங்கோ" என்றான். அயலிலுள்ள ஆச்சி, "வெறும் வாயு, உள்ளியைச் சுட்டுத் தின்" என்றார். சோதித்தால் ஏதேனும் கண்டுபிடித்துவிடுவார்களே என்ற அச்சம் ஒருபுறம். சோதித்து ஒன்றுமில்லை என்றால் ஊர் சிரிக்குமே என்ற நாணம் மறுபுறம்.

ஒருவாறு துணிந்து நகரத்திலே ஒரு வைத்தியரிடம் சென்றோம். முன்னால் முப்பது பேர் காத்திருந்தனர். எம் முறை வந்தபோது, "காது இரையுது டொக்டர்" என்றோம். அவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, "வயது போகப் போக இப்பிடி இரையும் மாஸ்ரர். பழகிப் போம்" என்று கூறி ஏதோ சத்து மாத்திரை எழுதித் தந்தார். அவரைக் குறை கூற மாட்டோம். காதிரைச்சல் மிகப் பொதுவான முறைப்பாடு. வண்டு ரீங்காரம் போலவோ கடலிரைச்சல் போலவோ இடையறாது கேட்கும் அவ்விரைச்சல் பெரும்பாலும் உட்செவியின் தேய்வால் வருவது. அவர் கேட்ட சொல்லுக்கு அவர் சொன்ன விடை சரியே. பிழை எம்முடைய சொல்லிலே இருந்தது.

அதை எமக்கு உணர்த்தியவர் யாரென்றால், எம்மூரிலே பரம்பரையாகத் தமிழ் வைத்தியம் செய்துவரும் முதியவர் ஒருவர். காதுக்கு விட எண்ணெய் வாங்கப் போனோம். எண்ணெய் தருவதற்கு முன் அவர் எம் கையைப் பற்றி, மூன்று விரல்களை மணிக்கட்டிலே வைத்து, வாதம், பித்தம், ஐயம் என்று வழக்கம் போல நாடி பார்த்தார். பார்த்துக்கொண்டே கேட்டார்:

"இரைச்சல் எண்டு சொல்லுறியள். கடல் இரையிற மாதிரியோ? இல்லாட்டி, இப்ப என்ர விரலுக்குக் கீழ அடிக்குதே, இந்த அடியோட சேர்ந்தோ?"

"அடியோட சேர்ந்துதான்" என்றோம்.

அவர் விரலை எடுத்துவிட்டார். "அப்ப எண்ணெயை விட்டு நாளைக் கடத்தாதையுங்கோ. பெரியாஸ்பத்திரிக்குப் போங்கோ. போய், இரையுது எண்டு சொல்லாதையுங்கோ. நாடியோட சேர்ந்து அடிக்குது எண்டு சொல்லுங்கோ. அதுதான் முதல் வசனம்."

இரண்டு மாதமாக எம்மைச் சூழ்ந்திருந்த இருளிலே முதன்முதலாக வெளிச்சம் காட்டிய வசனம் அதுவே. நோயாளி சொல்லும் முதல் வசனத்துக்கு எத்துணைப் பெறுமதி இருக்கின்றது என்பதை எண்ணியபோது, எமக்கு மானிப்பாய்க் கிறீன் வைத்தியரின் ஞாபகம் வந்தது. சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அவ்வமெரிக்கர் 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து, தமிழைக் கற்று, இளைஞர் பலருக்குத் தமிழிலேயே மேல்நாட்டு வைத்தியம் பயிற்றியவர். 1867இல் இரணவைத்தியத்தையும் 1872இல் மனுஷ அங்காதிபாதத்தையும் தமிழில் வெளிவரச் செய்தவர். ஆங்கிலத்திலே கற்பித்தால் வேலை எளிதாயிருந்திருக்கும். ஆயினும் தம்முடைய மாணாக்கர் நாளை எதிர்கொள்ளப்போகும் நோயாளர் தமிழிலேதான் நோகின்றனர், தமிழிலேதான் முறையிடுகின்றனர் என்பது அவருக்கு விளங்கியிருந்தது போலும். எமக்கோ தாய்மொழியே தெரிந்திருந்தும், இரைகின்றது என்பதற்கும் அடிக்கின்றது என்பதற்கும் உள்ள வேறுபாட்டை வைத்தியர் முன்னிலையிலே சொல்லத் தெரியவில்லை. முப்பத்தைந்து ஆண்டு ஆசிரியத் தொழில் புரிந்த பெருமை அவ்வளவில் நின்றது.

பெரியாஸ்பத்திரி என்று நாம் அழைக்கும் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை, அரசாங்க அதிபர் டைக் துரையின் முயற்சியால் 1850ஆம் ஆண்டு ஒரு தரும சங்கத்தின் ஆதரவிலே தொடங்கப்பட்டது. அங்கே காது, மூக்கு, தொண்டைப் பகுதியில் அதிகாலையிலேயே சென்று அமர்ந்தோம். இம்முறை வசனத்தை மனப்பாடம் செய்திருந்தோம்.

"நாடியோட சேர்ந்து வலது காதுக்குள்ள அடிக்குது டொக்டர்."

குனிந்து எழுதிக்கொண்டிருந்த இளம் வைத்தியர் நிமிர்ந்தார். பேனாவை மூடிவைத்தார். "அப்பிடியோ ஐயா? எப்ப தொடக்கம்?"

அதன் பின்பு அவர் செய்தவற்றை விரிவாகவே சொல்லுகின்றோம். ஏனெனில் சோதனை என்ற சொல்லைக் கேட்டதுமே பெரிய இயந்திரங்களை எண்ணி நடுங்குவோர் எம்மைப் போல் இன்னும் பலர் இருப்பர். அவர் முதலிலே எடுத்தவை இயந்திரங்களல்ல. காதுக்குள்ளே விளக்கடித்து, செவிப்பறைக்குப் பின்னால் செந்நிறமாக ஏதும் துடிக்கின்றதா என்று நோக்கினார். நடுச்செவியிலே இரத்தக்குழாய் மிகுந்த ஒருவகைக் கட்டி சிலருக்கு உண்டாகுமாம். எமக்கு அது இல்லை. குருதி அமுக்கம் அளந்தார். இதயக்குழாயை எடுத்து மார்பிலே வைக்காமல் கழுத்திலே வைத்தார். பின்பு காதின் பின்னெலும்பிலே வைத்தார். கண்ணை மூடச் சொல்லி இமை மீதும் வைத்தார். அறையிலே எல்லோரையும் மௌனமாயிருக்கச் சொல்லிக் கூர்ந்து கேட்டார்.

"என்ன டொக்டர் தேடுறியள்?" என்றோம்.

"உங்களுக்குக் கேக்கிற சத்தம் எனக்கும் கேக்குதோ எண்டு பாக்கிறன்."

இதைக் கேட்டு வியப்புற்றோம். ஒருவர் தலைக்குள்ளே கேட்கும் ஓசையை இன்னொருவர் கேட்க முடியுமா? சிலருக்கு முடியும் என்றார். 1816ஆம் ஆண்டு பாரிசிலே லெயினெக் என்னும் வைத்தியர் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பிலே வைத்துக் கேட்டதிலிருந்து பிறந்தது இந்த இதயக்குழாய். அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, லண்டனில் பெஞ்சமின் ட்ரவர்ஸ் என்னும் சத்திர வைத்தியரிடம், தலைக்குள்ளே துருத்தி ஊதுவது போன்ற இரைச்சல் கேட்கின்றது என்று ஒரு பெண் வந்தார். அவருடைய கண் பிதுங்கித் துடித்துக்கொண்டிருந்தது. ட்ரவர்ஸ் கழுத்து நாடியைக் கட்டினார். இரைச்சலும் அடங்கியது, கண்ணும் தேறியது. கண்ணுக்குப் பின்னே நாடியும் நாளமும் வழிதவறி ஒன்றோடொன்று கலந்ததால் வந்த நோய் அது என்று இன்று சொல்லுவர். இன்றும் அரிதானதாயினும், இமையின் மேல் இதயக்குழாய் வைப்பதற்குக் காரணம் அத்தகைய நோய்களே.

எம்முடைய ஓசை வைத்தியருக்குக் கேட்கவில்லை. பின்பு அவர் வலப்பக்கக் கழுத்தை மெல்ல, மிக மெல்ல அழுத்தினார். காதிலே ஓசை நின்றது! இரண்டு மாதத்துக்குப் பின் எமக்குக் கிடைத்த முதல் மௌனம். விரலை எடுத்தார், மீண்டும் "உஸ்" என்றது. "இது நாளத்தின்ர சத்தமாயிருக்க வேணும்" என்று புன்னகை செய்தார். இந்த வித்தையை வீட்டிலே செய்து பார்க்க வேண்டாம் என்று உடனே எச்சரித்தார். வயது சென்றவர்களின் கழுத்து நாடியை அறியாது அழுத்துவது அபாயம் என்பதை நாமும் ஈண்டு எழுதி வைக்கின்றோம்.

அவர் தந்த விளக்கத்தை எம் தோட்டப் பாஷையிலே சொல்லுகின்றோம். காதைச் சுற்றியுள்ள எலும்பு பல வாய்க்கால்கள் செல்லும் ஒரு தோட்டம். மூளைக்கு இரத்தம் ஏற்றும் நாடி நத்தைச்சுருளின் அருகாகவே செல்கின்றது. மூளையிலிருந்து இரத்தம் இறக்கும் பெரிய நாளம் காதின் பின்புறமாக வளைந்து, நடுச்செவியின் அடித்தளத்தைத் தொட்டுக்கொண்டு கழுத்துக்கு இறங்குகின்றது. வாய்க்கால் நேராகவும் அகலமாகவும் இருந்தால் நீர் ஓசையின்றி ஓடும். ஓரிடத்தில் ஒடுங்கினாலோ, கல் கிடந்தாலோ, திடீரென வளைந்தாலோ சலசலக்கும். நீர் மிகுந்து விரைந்தாலும் சலசலக்கும். இரத்தத்தில் ஈமோகுளோபின் குறைந்தவர்க்கும், தைரொயிட்டுச் சுரப்பி மிகையாக வேலை செய்பவர்க்கும், கர்ப்பிணிகளுக்கும் இவ்வோசை கேட்பது அதனாலேயே. வாய்க்காலில் ஒரு குற்றமுமில்லாமல் வரம்பு மட்டும் மெலிந்திருந்தாலும் இரைச்சல் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்; நாளத்தை மூடிய எலும்பு மெலிந்தோர் நிலை அது. இன்னொரு வகையும் உண்டு: காதிலே அழுக்கு அடைத்தாலோ நடுச்செவியில் நீர் கோத்தாலோ வெளியோசை குறைந்து உள்ளோசை மேலோங்கும். விரலாற் காதைப் பொத்திப் பார்த்தால் இது விளங்கும்.

"அப்ப ஸ்கான் எடுக்க வேணுமோ?" என்ற கேள்வியைக் கேட்டோம். இரண்டு மாத உறக்கத்தைக் கெடுத்த கேள்வி அதுவன்றோ!

பொதுவான காதிரைச்சலுக்கு, இரு காதிலும் ஒத்துக் கேட்பதாயின், படமெடுப்பது வேண்டியதில்லை என்றார். 2014ஆம் ஆண்டு அமெரிக்கக் காது, மூக்கு, தொண்டை வைத்தியர்கள் வகுத்த நெறியும் அதுவே. ஆனால் அந்நெறியே நாலு விலக்குகளையும் சொல்லுகின்றது: ஒரு காதில் மட்டும் கேட்பது, நாடியோடு அடிப்பது, இரு காதின் கேட்கும் திறன் வேறுபடுவது, நரம்புக் கோளாற்றின் அறிகுறி இருப்பது. 2020ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம் வெளியிட்ட நெறியும் நாடியோடு ஒத்த ஓசைக்குப் படமெடுக்க வேண்டும் என்றே கூறுகின்றது. எந்தப் படம் என்பது முன்சொன்ன கைப்பரிசோதனையாலும் செவித்திறன் சோதனையாலும் முடிவாகும். எலும்பைப் பார்க்கச் சி.ரி., இரத்தக்குழாயையும் மூளையையும் பார்க்க எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் படம். பெரும்பாலானோர்க்குப் பயப்படும்படி ஒன்றும் அகப்படாது. அகப்படும் சிலருக்கு வைத்தியம் உண்டு. ஆகையினாலேதான் பார்க்க வேண்டும் என்றார். முழுத்தலையையும் எடுத்துப் போடச் சொன்ன பெறாமகனும் முழுவதும் பிழையல்லன், நாளைக் கடத்திய நாமே பிழை என்று விளங்கிற்று.

போவதற்கு முன் இன்னும் இரண்டு கேள்வி கேட்டார். "தலையிடி இருக்கோ ஐயா? குனிஞ்சு நிமிரேக்க ஒரு கணம் கண் இருளுதோ?" இரண்டுக்கும் இல்லை என்றோம். குருதிப் பரிசோதனைக்கும் படத்துக்கும் சீட்டு எழுதித் தந்தார்.

அன்று மாலை விறாந்தையிலே சாய்மனைக் கதிரையில் அமர்ந்து, வெற்றி வீரரைப் போல இக்கதை முழுவதையும் வீட்டாருக்கு நடித்துக் காட்டினோம். எம் தங்கையின் மகள், பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படிப்பவள், எம் வீட்டிலிருந்தே திருநெல்வேலிக்குப் போய் வருகின்றாள். அவளும் வாசற்படியில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கண் இருளும் கேள்வியை நாம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. எல்லோரும் எழுந்து உள்ளே சென்ற பின்பு அருகே வந்தாள்.

"மாமா, எனக்கும் கேக்குது."

"என்ன பிள்ளை கேக்குது?"

"அந்தச் சத்தம். ரெண்டு காதிலும். கார்த்திகையில இருந்து." சற்றுத் தயங்கினாள். "குனிஞ்சு எழும்பினால் ஒரு செக்கன் எல்லாம் சாம்பலாய்ப் போகுது. காலமையில தலையிடி."

கார்த்திகையிலிருந்து சித்திரை வரை ஐந்து மாதம். நாம் இரண்டு மாதம் மறைத்தோம் என்று வெட்கப்பட்டோமே, இப்பிள்ளை ஐந்து மாதம் மறைத்திருக்கின்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். தலையிடி என்றால் தொலைபேசி பார்த்ததாலே என்று ஏசுவோம் என அஞ்சினாளாம். காதிலே சத்தம் கேட்கின்றது என்றால், "விசர் எண்டு நினைப்பினம் மாமா. கலியாணம் பேசேக்க ஆரும் கதைச்சால் அம்மா தாங்கமாட்டா" என்றாள். எம் ஊரிலே ஒரு பெண் பிள்ளைக்கு வரும் நோயைக் காட்டிலும் அந்நோயின் பெயர் அவளை அதிகம் அச்சுறுத்துகின்றது. இதைக் கேட்டு அவளை ஏசவும் முடியவில்லை, தேற்றவும் தெரியவில்லை.

மறுநாட் காலை அவளை அழைத்துக்கொண்டு அதே வைத்தியரிடம் சென்றோம். கேட்டதும் அவர் காதைப் பார்ப்பதை விட்டு, நேரே கண் பகுதிக்கு அனுப்பினார். கண்மணியை விரிக்கும் மருந்து விட்டு உள்ளே நோக்கிய பெண் வைத்தியர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு அவளிடம், "முகப்பருவுக்கு ஏதும் குளிசை எடுக்கிறீரோ? விற்றமின் ஏ ஏதும்?" என்று கேட்டார். இல்லை என்றாள். "ஒரு வருசத்துக்குள்ள நிறை கூடினதோ?" கூடியிருந்தது. பார்வை நரம்பு கண்ணுக்குள் தலைகாட்டும் வட்டம் இரு கண்ணிலும் வீங்கியிருக்கின்றது என்றார். அன்றே வார்டிலே சேர்த்தார்கள்.

மூளையைச் சூழ்ந்துள்ள நீரின் அமுக்கம் காரணம் தெரியாமலே கூடிவிடுவது இந்நோய். இளம் வயதுப் பெண்களுக்கு, அதிலும் அண்மையில் நிறை கூடியவர்களுக்கு, அதிகமாக வருவது. கட்டியோ, நாளத்தில் இரத்தக் கட்டோ அல்ல என்பதைப் படமெடுத்து உறுதி செய்தார்கள். பின்பு பக்கவாட்டில் படுக்கவைத்து முதுகுத் தண்டிலே ஊசி செலுத்தி அமுக்கத்தை அளந்தார்கள். 25 சென்ரிமீற்றர் நீர்மட்டத்துக்கு மேற்பட்டால் மிகை என்பர்; அவளுக்கு 34 இருந்தது. அந்த ஊசியைப் பற்றி ஊரிலே எத்தனையோ கதைகள் உலவுகின்றன, அதனாலே இடுப்பு விளங்காமற் போகும் என்பது உட்பட. அவள் இரண்டு நாள் தலையிடியோடு படுத்திருந்தாள். மூன்றாம் நாள் எழுந்து நடந்தாள். அவ்வளவே.

அசெற்றசோலமைட் என்னும் மாத்திரை தந்தார்கள். நீரின் சுரப்பைக் குறைக்கும் மருந்து அது. அதை விழுங்கத் தொடங்கியதிலிருந்து விரல் நுனி விறுவிறுக்கின்றது, சோடா குடித்தால் சப்பென்றிருக்கின்றது என்று முறையிட்டாள். இம்மருந்தும் நிறைக் குறைப்பும் சேர்ந்தால் பார்வை திருந்துகின்றது என்று 2014ஆம் ஆண்டு அமெரிக்காவிலே ஓர் ஆய்வு வெளிவந்தது. வைத்தியர் அதை அவளுக்கு எடுத்துச் சொல்லி, மருந்தை விட நடையே பெரிது என்று வற்புறுத்தினார். அன்று தொடக்கம் எம் இல்லாளும் அவளும் அதிகாலையிலே கோப்பாய்ச் சந்தி வரை நடந்து வருகின்றனர். பிட்டுக்குத் தேங்காய்ப்பூ குறைந்தது பற்றி நாம் ஒன்றும் கூறுவதற்கில்லை.

ஆவணியிலே கண் வட்டத்தின் வீக்கம் பெரிதும் வற்றியிருந்தது. காதிலே ஓசையும் அடங்கிற்று. எனினும் பார்வைப் புலத்தை அளக்கும் இயந்திரத்திலே, இடக்கண்ணின் ஓரத்தில் ஒரு சிறு துண்டு மீளவில்லை. அங்கே ஒளிப்புள்ளி தோன்றும்போது அவள் பொத்தானை அழுத்துவதில்லை. தோன்றியது என்பதே அவளுக்குத் தெரிவதில்லை. "இன்னும் ரெண்டு மாதம் பிந்தியிருந்தால்..." என்று கண் வைத்தியர் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து, வசனத்தை முடிக்காமல் விட்டார். இன்னும் இரண்டு மாதம் முந்தியிருந்தால் என்று எம் மனம் அதை வேறு விதமாக முடித்துக்கொண்டது. மாசியிலே எமக்கு ஓசை கேட்ட மறுநாளே வீட்டிலே வாய்விட்டுச் சொல்லியிருந்தால், அவளும் மாசியிலேயே சொல்லியிருப்பாள் அல்லவா? அந்த ஓரத் துண்டின் ஒரு பங்கு எம் கணக்கிலே இருக்கின்றது.

எம்முடைய முடிவு சுருக்கமானது. குருதியிலே குறையில்லை. படத்திலே, வலது காதின் பின்னெலும்பில் பெருநாளம் வளையும் இடத்திலே, எலும்புச் சுவர் கடதாசி போல மெலிந்திருந்தது. பிறவியிலேயே அப்படியோ, வயதால் வந்ததோ! வைத்தியம் வேண்டியதில்லை, தாங்க முடியாதவர்க்குச் சத்திர சிகிச்சை உண்டு, உங்களுக்கு எதற்கு என்றார். ஓசையின் தன்மை மாறினால் வரச் சொன்னார். திடீரென வந்த ஓசையோடு கடுந்தலையிடி, கழுத்து நோவு, முகம் கோணுதல், இரட்டைப் பார்வை இவற்றுள் ஒன்று சேர்ந்தாலோ, தலையில் அடிபட்ட பின்பு ஓசை தொடங்கினாலோ, தவணைக்குக் காத்திராமல் அன்றைக்கே வர வேண்டும் என்றும், இதை வீட்டிலுள்ள எல்லோருக்கும் சொல்லி வைக்குமாறும் கூறினார். சொல்லி வைத்தோம். ஆச்சிக்கும் சொன்னோம். உள்ளி தின்றதாலே சுகம் வந்தது என்றே அவர் இன்றும் நம்புகின்றார்.

எண்ணெய் தராமல் அனுப்பிய முதியவரிடம் மருமகளை அழைத்துச் சென்று வணங்கச் செய்தோம். அவர் அவளுடைய நாடியையும் பிடித்துப் பார்த்தார், வழக்கத்தை விடுவாரா!

இப்போதும் இரவிலே அது கேட்கின்றது. பெயர் தெரிந்துவிட்டபடியால் முன்போல வெருட்டுவதில்லை. மேசைமீது ஒரு சிறு மின்விசிறியை ஓடவிட்டு, அந்தச் சத்தத்திலே இதை மறைத்துக்கொண்டு உறங்குகின்றோம். சென்ற வாரம் மின்சாரம் நின்ற ஓரிரவு விழித்துக் கிடந்தபோது, "உஸ்... உஸ்..." என்பதோடு வேறொன்றும் கலந்து கேட்டது. மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தோம். ஒத்து வரவில்லை. இல்லாளைத் தட்டி எழுப்பினோம்.

"ஓமப்பா, அது பக்கத்துத் தோட்டத்து மெசின்தான்" என்றார். "வாழைக்கு இறைக்கினம். படுங்கோ."